உளுந்தடித்த கரண்டு வண்டி

வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் சூடத்தை ஏற்றித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார்.

"பண்ணியாச்சு சாமி."

"சத்தமே வரலையே?"

"இது சத்தம் போடாது சாமி. கரண்டு வண்டி."

அவர் தட்டைச் சுற்றவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குத் தீபாராதனை காட்டும் வழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஹாரனை அழுத்தினேன். அதை இன்ஜின் சத்தத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டு தட்டைச் சுற்றினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பூனை மாதிரி நகர்ந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. குருக்கள் துள்ளி விலகினார்.

"சொல்லிட்டு எடுக்கப்படாதா?" என்றார். மந்திரம் அதோடு முடிந்தது.

நான் அய்யம்பேட்டைப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன். யூரியா எது, பொட்டாஷ் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கார் விஷயத்தில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது வரைக்கும் தெரியும். இப்படிப்பட்டவன் கரண்டு கார் வாங்கியதற்குக் காரணம் என் மகள். சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் பேட்டரி பிரிவில் இன்ஜினியராக இருக்கிறாள்.

நாட்டிலுள்ள கார் கம்பெனிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன என்று நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி போனில் வந்தது. அவளுடைய தொழிற்சாலையில் இன்ஜின் பிரிவைச் சுருக்கிக்கொண்டே வந்தார்களாம். அங்கே இருந்தவர்களில் புதுசு கற்றுக்கொள்கிறவர்களைப் பேட்டரி பக்கம் மாற்றினார்களாம். கற்றுக்கொள்ளாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போனாங்கப்பா" என்றாள். மாறி வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தது அவள்தான். அவர்களில் ஒரு பையனுக்கு வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. சந்தேகம் தீராமல் விஷயம் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது.

பையன் நல்ல பையன். எங்கள் ஆட்கள்தான், திருப்பனந்தாள் பக்கம். நிலம் உண்டு. எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல், பையனுடைய அப்பா பெட்ரோல் பங்க் வைத்திருந்தார்.

கரண்டு வண்டி என்ற ஒன்றைத் தன் ஒருவரை உத்தேசித்தே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது அவருடைய தீர்மானம். டிவியில் அந்தப் பேச்சு வந்தால் அணைத்துவிடுவாராம். பையன் பேட்டரி பக்கம் மாறியதை வீட்டில் சொல்லவே இல்லை. அவரைப் பொறுத்தவரை மகன் இன்னும் இன்ஜின் பிரிவில் இருந்தான்.

"அப்பா, நீங்க போய்ப் பேசுறதுலதான் இருக்கு" என்றாள் மகள். "அவர் வேண்டாம்னு சொல்லிட்டா நாங்க அதோட விட்டுடறதா பேசி வச்சிருக்கோம். அவங்க அப்பாவ மீறி இவரால வர முடியாது. எனக்கும் அப்படி ஒரு கல்யாணம் வேணாம்."

"விட்டுட்டு?"

"விட்டுட்டு ஒண்ணுமில்ல. வேற வரன் பாக்காதீங்க, அவ்வளவுதான்."

"ரெண்டு பேரும் சேர்ந்து பேட்டரியையே பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்றேன்.

எங்கள் வீட்டில் ஜோக் அடிப்பது என் உரிமை, அதற்குச் சிரிப்பது அவள் கடமை. சின்ன வயதிலிருந்து அவள் கடமை தவறியதே இல்லை. அன்றைக்குப் போனில் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. ஜலதோஷம் என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. அங்க போய் காரைப் பத்தி வாயத் தொறக்காதீங்க. முடிஞ்சா பஸ்ல போங்க."

பங்குனி மாதம், பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பழத்தட்டோடு இரண்டு பஸ் மாறிப் போக முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள். பெண் வீட்டுக்காரன் சொந்தக் காரில் போய் இறங்கினால்தான் மரியாதை என்றேன் நான். கரண்டு வண்டி என்று அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? பார்வைக்குக் கார் மாதிரிதானே இருக்கிறது?

"நம்பர் பிளேட்டு பச்சையா இருக்கே" என்றாள்.

பெட்ரோல் வண்டிக்கு வெள்ளை, கரண்டு வண்டிக்குப் பச்சை. ஊர் பார்த்ததும் தெரிந்துகொள்ளட்டும் என்று அரசாங்கமே செய்த ஏற்பாடு. யோசித்துவிட்டு, "சந்தனம் பூசிடுவோம்" என்றேன். "பூஜை போட்டதுன்னு நெனச்சுக்குவாங்க."

"பூஜை போட்டு ஆறு மாசமாச்சு."

"பக்தியான குடும்பம்னு நெனச்சுக்குவாங்க."

அவள் சந்தனத்தைக் குழைத்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.

இந்த வண்டியின் சார்ஜருக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும், ஒரு சொட்டு கரண்டு ஏற்றாது. இதற்காகவே எலெக்ட்ரீசியன் கொல்லையில் குழி வெட்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். வெயில் காலத்தில் மண் காய்ந்துவிடும், தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி துளசிக்கு ஊற்றுகிற நேரத்தில் நான் எர்த்துக்கு ஊற்றினேன். தை, மாசி வரைக்கும் ஒழுங்காக ஊற்றினேன். பங்குனியில் கடையில் வேலை அதிகம்.

கிளம்புகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால் சார்ஜர் இரவு முழுக்கச் சிவப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடிப் போய்க் குடம் குடமாக ஊற்றினேன். பச்சை வந்தது, நேரம்தான் இல்லை. கால்வாசியை ஒட்டி ஏதோ காட்டியது. திருப்பனந்தாள் போகப் போதும், திரும்பி வருவது பற்றித் திரும்பும்போது யோசிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

"சார்ஜ் இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"இருக்கு" என்றேன். இருந்தது.

கும்பகோணம் தாண்டியதும் மெயின் ரோட்டில் நெரிசல். வாய்க்கால் ஓரமாக ஒரு ஊர்ச்சாலை போகிறது, அதில் விட்டால் சுருக்கம் என்று திருப்பினேன். இரண்டு ஊர் தாண்டியதும் சாலையைக் காணவில்லை. சாலை இருந்த இடத்தில் உளுந்து கிடந்தது.

சம்பா அறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்தைப் பங்குனியில் பிடுங்கிக் காயவைத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். வருகிற போகிற வண்டிகள் ஏறி இறங்க, காய் வெடித்து மணி உதிரும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்தச் சாலையில் வருகிற எல்லோரும் கொஞ்ச தூரத்துக்குக் கூலி வாங்காத ஆட்கள்.

ஆனால் இங்கே செடி முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது. புளியமரத்து நிழலில் நாலைந்து பெண்கள் துடைப்பமும் முறமுமாகக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றதும் ஒரு பெரியம்மா, "ஆத்தாடி, உருட்டிக்கிட்டு வந்தாப்ல வந்து நிக்கிறியே, ஒரு ஆரன் அடிக்கக் கூடாது?" என்று எழுந்தார்.

"வழி விடுங்கம்மா. அவசரமா போகணும்."

"வழியா? மேல ஏறிப் போ தம்பி, அதுக்குத்தான போட்ருக்கு. ஒரு கார்க்காரனும் ஏற மாட்டேங்குறான். போன வருசம் ஒரு காருக்கு அடியில செடி சுத்திக்கிட்டு, சைலன்சர் சூட்டுல பத்திக்கிச்சு. அதுலேருந்து எல்லாரும் பெரிய ரோட்டுலயே போயிடுறானுங்க."

வாயை மூடிக்கொண்டு ஏறிப் போயிருக்கலாம். பேசினேன்.

"இது பத்தாதும்மா. இதுக்கு சைலன்சரே கெடையாது."

அவர் நம்பவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், மாட்டு வயிற்றைத் தடவுகிற மாதிரி. எழுந்து மற்றவர்களைப் பார்த்து, "சில்லுன்னு இருக்குடி" என்றார்.

வண்டி வாங்கி ஆறு மாதத்தில் அதற்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டார்கள். நான் ஏறி அந்தக் கோடிவரைக்கும் போனேன். காய் வெடிக்கும் சத்தம் சக்கரத்துக்கு அடியில் பொரி பொரிகிற மாதிரி கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லாததால் தெளிவாகவே கேட்டது.

"தம்பி, ஒரே ஒரு தடவ ரிவர்ஸ்ல வந்துட்டுப் போயேன்!"

வந்தேன். பெண்கள் கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டார்கள். புரட்டிய பிறகு போகாமல் இருப்பது எப்படி? போனேன். "அண்ணே, இந்த ஓரம் மிதிபடல" என்றாள் இன்னொருத்தி. அந்த ஓரமும் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி. அவள் குரல் இறங்கினால் நான் எச்சரிக்கையாக இருப்பது வழக்கம். அன்றைக்கு உளுந்துச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. "பொண்ணுக்கு சம்பந்தம் பேசப் போறோமா, உளுந்தடிக்கப் போறோமா?"

"போற வழிதானே."

"ஒரே வழியில எத்தன தடவ போவீங்க?"

கடைசியில் பெரியம்மா முறத்திலிருந்து புது உளுந்தை ஒரு மஞ்சள் பையில் கொட்டி ஜன்னல் வழியாக மனைவியின் மடியில் வைத்து, பக்கத்திலிருந்த பழத்தட்டைப் பார்த்தார். "நல்ல காரியமா போற, ரெண்டு கையும் நெறைய போ ஆத்தா" என்றார். மனைவிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இறங்கிப் போய் முன்பக்கம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு மீதியும் இறங்கியது. பம்பர் முழுக்க உளுந்துச் செடி சிக்கி நம்பர் பிளேட் இருக்கிற இடமே தெரியவில்லை. பின்னாலும் அப்படித்தான்.

"சந்தனம் தேவையில்ல" என்றாள். எல்லாம் நல்லபடியாக நடக்கப்போகிறது என்று இரண்டு பேருமே நினைத்த இடம் அது.

அதற்கப்புறம்தான் நான் சார்ஜைப் பார்த்தேன். ஏசியை அணைத்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். இயற்கைக் காற்று உடம்புக்கு நல்லது என்றேன். ஜன்னலைத் திறந்தால் பங்குனிக் காற்று அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வந்தது. கொஞ்ச தூரம் போனதும் டிஸ்பிளேயில் ஒரு ஆமைப் படம் தோன்றியது. வண்டியும் அந்தப் படத்துக்கு மரியாதை கொடுத்து நடக்க ஆரம்பித்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்.

"நின்னுடுமா?" என்றாள்.

"நிக்காது."

நிற்கவில்லை, போகவேண்டிய இடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி வீடு பங்குக்குப் பின்னால். பங்குக்குள் திரும்பி, பெட்ரோல் போடும் மெஷினுக்கு நேர் எதிரே போய், டிஸ்பிளே அணைந்து, வண்டி உயிரை விட்டது.

சீருடை போட்ட ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். "பெட்ரோலா டீசலா சார்?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேங்க் மூடியத் தொறங்க சார்."

"இல்ல... நாங்க முதலாளியப் பாக்க வந்திருக்கோம்."

முதலாளியே வெளியே வந்தார். ஆள் உயரம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "அய்யம்பேட்டையா? வாங்க வாங்க! வாம்மா. வீட்டுப் பக்கம் வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வண்டிய நெழல்ல போடச் சொல்றேன், சாவியக் குடுங்க."

"அது... நகராதுங்க."

"ரிப்பேரா?"

"இல்லைங்க. களைச்சிருக்கு."

ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். நியூட்ரலில் போட்டுக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருக்க, பெண்ணின் தகப்பனாரை மாப்பிள்ளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறை ஓரமாக நிறுத்தினார்கள். அவர் கூடவே நடந்து வந்தவர், "என்ன இது, மாட்டுக் கொட்டாய்க்குள்ள பூந்துட்டு வந்தாப்ல" என்று குனிந்து பம்பரிலிருந்து செடியைப் பிடுங்கினார். ஒரு கைப்பிடி. இன்னொரு கைப்பிடி. பச்சை தெரிந்தது.

நம்பரை முழுசாகப் படித்தார். அப்புறம் நடந்து பின்பக்கம் போய் சைலன்சரைத் தேடினார். அது இல்லை என்று உறுதியானதும் என்னிடம் வந்தார்.

"கரண்டா?"

"ஆமாங்க."

"அது எங்க பங்க்ல வந்து நின்னிருக்கு."

"ஆமாங்க."

"அதுக்கு இந்த ஜில்லாவுல வேற எடமே கெடைக்கலையா?"

போய்விட்டது என்று நினைத்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்து பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அவள் "சரிப்பா" என்றுதான் சொல்வாள். அந்த "சரிப்பா"வைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஜோக் எதுவும் வரவில்லை. இதை எழுதுகிறபோதும் அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

என் மனைவிதான் பேசினாள். "சார்ஜ் இருந்துச்சுங்கண்ணா. வர்ற வழியில உளுந்தடிச்சதுல போயிடுச்சு."

"என்னம்மா சொல்றே?"

அவள் சொன்னாள். ரிவர்ஸ் போனது, ஓரம் போனது, பெரியம்மா அடியில் கைவிட்டுப் பார்த்தது, ஒன்றும் விடவில்லை. சாட்சிக்கு மஞ்சள் பையைப் பிரித்துக் காட்டினாள். அவர் ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். அவருக்குள்ளிருந்த பெட்ரோல் பங்க்காரர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து விவசாயி முன்னால் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நல்லாதான் உதிந்திருக்கு. உடையல." என் பக்கம் திரும்பினார். "சூடு ஆவாதா?"

"ஆவாதுங்க. பாருங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடியில் கையை விட்டார். நெடுநேரம் தடவினார். "நம்ம உளுந்து வடக்குத் தெரு ரோட்டுல கெடக்கு, சீந்த ஆளில்ல" என்று வண்டியின் வயிற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஆளை விட்டு, டிக்கியிலிருந்த என் சார்ஜரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக்கில் சொருகச் சொன்னார்.

சொருகிய கையோடு கரண்டு போனது. சித்திரைக்கு முன்னோட்டமாக எங்கள் பக்கம் மத்தியானத்தில் போகும். ஜெனரேட்டர் இரைச்சலோடு ஓட ஆரம்பித்தது. சார்ஜரில் சிவப்பு எரிந்தது.

அப்போதுதான், இதற்காகவே லீவில் வந்திருந்த பையன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். காரையும், பிளேட்டையும், அப்பாவையும் பார்த்தான். ஒரு வினாடி திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நேராக சார்ஜரிடம் போய்க் குந்தினான்.

"இந்த பிளக்குக்கு எர்த் வரலைப்பா. டேங்கர் லாரியிலேருந்து பெட்ரோல் எறக்கும்போது தீப்பொறி வராம இருக்க மாட்டுவோம்ல, அந்த எர்த்துலேருந்து ஆபீஸ் ரூமுக்கு ஒரு லைன் இருக்கு. அதுல போட்டா எடுத்துக்கும். நம்ம பங்க் எர்த் மாதிரி சுத்துவட்டாரத்துல எங்கயும் கெடையாது."

வயரை இழுத்து மாற்றிச் சொருகினான். பச்சை. எங்கள் வீட்டில் குடம் குடமாக ஊற்றினாலும் யோசித்து யோசித்து வருகிற பச்சை, அங்கே பளிச்சென்று வந்து நின்றது.

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்றார் அப்பா.

பையன் எழுந்திருக்கவில்லை. "இதாம்பா என் வேல."

"இன்ஜின் செக்சன்னு சொன்னே?"

"அத பாதி மூடிட்டாங்கப்பா. என்னைய இந்தப் பக்கம் மாத்தி ஒரு வருசமாச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க டிவிய அணைச்சிடுவீங்களேப்பா."

அவர் ஜெனரேட்டர்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கூட இருந்த பசங்கள்லாம்?"

"கத்துக்கிட்டவங்க இருக்காங்க. மத்தவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"உனக்கு யாரு கத்துக் குடுத்தா?"

பையன் எங்களைப் பார்த்தான். "இவங்க பொண்ணுப்பா."

அவர் மகனைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்தபோது கொஞ்சம் சந்தேகம் தெரிந்தது. அது நியாயமான சந்தேகம்.

"ஒழுங்கா சொல்லிக் குடுத்துச்சா அந்தப் பொண்ணு?"

"பச்சை எரியுதேப்பா."

அவர் ஜெனரேட்டரின் டீசல் அளவைக் குனிந்து பார்த்தார். "அப்ப இந்தக் கார் இப்ப நம்ம டீசல்லதான் ஏறுது?"

"ஆமாங்க" என்றேன் வேகமாக. "முழுக்க உங்க டீசல்தான்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று சமாதானம் ஆனது. உள்ளே போய்த் தன் மனைவியோடு பழத்தட்டை வாங்கிக்கொண்டார். சாப்பாடு ஆயிற்று. ஜாதகம், மாதம், மண்டபம் என்று யாரும் பேசவில்லை. உளுந்தைப் பற்றித்தான் பேசினார். எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று மகள் அனுப்பிய மெசேஜுக்குப் பதில் போடாமல் போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வெயில் இறங்கியதும் எழுந்தார். "கெளம்புங்க, வடக்குத் தெரு வரைக்கும் போயிட்டு வந்துடுவோம். நானும் ஏறிக்கிறேன்."

வண்டியில் ஓரளவு சார்ஜ் ஏறியிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"பண்ணியாச்சுங்க."

காது கொடுத்துக் கேட்டார். பங்கைத் தாண்டும்போது, "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். ஜன்னலை இறக்கி மெஷின் ஓரம் நின்ற ஊழியரைக் கூப்பிட்டார்.

"டேய், இந்த வண்டிக்குக் குடுக்குறதுக்கு நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்ல. சம்பந்தி வண்டி, நாலு சக்கரத்துக்கும் காத்து பாத்து அடிச்சு விடு."

பின்சீட்டிலிருந்து மனைவி கையை நீட்டி என் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துக்கொண்டாள்.